மனோகர் ஷ்யாம் ஜோஷி: சீரியல் எழுதிய நாவலாசிரியரா, நாவல் எழுதிய சீரியல்காரரா?

பழைய ஆன்டெனா எழுதியது:

போன வாரம் நகைச்சுவை நாடகங்கள் பற்றிய இழையில் ஒரு நண்பர், "டிவிக்கு எழுதப் போனவன் அதற்கப்புறம் உருப்படியாக ஒரு நாவல் எழுதியதாகச் சரித்திரம் இல்லை" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அங்கேயே பதில் எழுதினால் இழை திசைமாறிவிடும். அதனால் தனியாக ஆரம்பிக்கிறேன்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் இந்தி எழுத்தாளர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. 1933இல் அஜ்மீரில் பிறந்தவர். குடும்பத்துக்குப் பூர்வீகம் இன்றைய உத்தராகண்டில் உள்ள குமாவுன் மலைப்பக்கம். லக்னோவில் படிப்பு. பிறகு வானொலி, ஃபிலிம்ஸ் டிவிஷன், 'தின்மான்' வார இதழ், கடைசியில் 'சாப்தாஹிக் ஹிந்துஸ்தான்' ஆசிரியர் நாற்காலி. முதல் நாவல் 'குரு குரு ஸ்வாஹா' 1980இல்தான் வந்தது. மனிதருக்கு அப்போது 47 வயது. இரண்டு வருடத்தில் 'கசப்'. இந்தி வாசகர்களிடம் காதல் நாவல் என்று பேச்செடுத்தால் இன்றைக்கும் அந்தப் பெயர் வராமல் இருக்காது.

அடுத்து தூர்தர்ஷனுக்கு எழுதிய சீரியல்கள். 1984இல் 'ஹம் லோக்'. 86இல் 'புனியாத்'. 88இல் ஓம் புரி நடித்த 'கக்காஜி கஹின்'. 89இல் ரகுபீர் யாதவின் 'முங்கேரிலால் கே ஹசீன் சப்னே'. 90களில் 'ஹம்ராஹி'. முதல் இரண்டும் குடும்பக் கதைகள், நடுவில் உள்ள இரண்டும் சுத்தமான நகைச்சுவை. இந்த ஓட்டத்தில் நாவல் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த நாவலான 'ஹரியா ஹர்குலீஸ் கீ ஹைரானி' வருவதற்கு 90களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. பத்து வருடத்துக்கும் மேல் இடைவெளி.

மேலோட்டமாகப் பார்த்தால் நண்பர் சொன்னதற்கு இதுவே சாட்சி போலத் தெரியும். நான் அப்படி நினைக்கவில்லை. தூர்தர்ஷனில் எதையெல்லாம் எழுத முடியாது என்று பத்து வருடம் பார்த்துவிட்டுத்தான் அவர் நாவலுக்குத் திரும்பி வந்தார். பிந்தைய நாவல்களில் உள்ள துணிச்சலுக்கு அந்தப் பத்து வருட வாய்ப்பூட்டுதான் காரணம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

---

குட்டிச்சுவர் எழுதியது:

எங்கள் தெருவில் 8.40க்கு இந்திச் செய்தி ஆரம்பித்தால் மொத்த வீடும் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும். அந்தப் பக்கம் யார் என்ன சீரியல் எழுதினார்கள் என்பது எங்களுக்கு எதற்கு சார்? தமிழில் டிவிக்கு எழுதியவர்கள் இல்லையா, அவர்களைப் பற்றி இழை ஆரம்பிக்கக் கூடாதா?

---

மட்டுறுத்துநர்:

மொழி அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே எழுத்தாளரைப் பற்றி மட்டும்.

---

கரோல்பாக் தமிழன் எழுதியது:

குட்டிச்சுவர் தம்பி, நீங்கள் அணைத்த டிவியில் இருந்த ஆள் உங்கள் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்திருக்கிறார். 'அபூர்வ சகோதரர்கள்' படம் இந்தியில் 'அப்பு ராஜா' என்று வந்ததே, அதற்கு எழுதியவர் இதே ஜோஷிதான். தமிழில் அந்தப் படத்துக்கு வசனம் கிரேஸி மோகன். ஒரே கதை, ஒரே கமல். இந்தப் பக்கம் நாடக மேடையில் வளர்ந்த ஒருவர், அந்தப் பக்கம் நாவலில் இருந்து டிவிக்குப் போன ஒருவர். பிறகு 2000இல் 'ஹே ராம்' இந்தி வசனமும் ஜோஷிதான். பிரிவினைக் காலத்தை 'புனியாத்'தில் நூறு எபிசோடுக்கு மேல் எழுதிய கைக்கு அந்த வேலை போனதில் ஆச்சரியம் என்ன?

நான் 80களில் டில்லியில் வேலையில் இருந்தேன். 'ஹம் லோக்' ஓடும் நேரத்தில் கரோல்பாக் சந்துகளில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். அந்த சீரியல் எப்படிப் பிறந்தது என்பதே ஒரு கதை. அப்போது தகவல் ஒலிபரப்பு மந்திரியாக இருந்த வசந்த் சாத்தே மெக்சிகோ போயிருந்தபோது, அங்கே மிகேல் சபீதோ என்பவர் குடும்பக் கட்டுப்பாடு, முதியோர் கல்வி இவற்றையெல்லாம் மெகா சீரியலில் கலந்து கொடுத்து ஜனங்களைப் பார்க்க வைத்திருப்பதைக் கேள்விப்பட்டு வந்தார். இங்கேயும் அதே மாதிரி செய்வோம் என்று முடிவானது. எழுத யாரைப் பிடிப்பது என்றபோது மாட்டியவர் ஜோஷி.

முதல் 13 எபிசோடில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். பிறகு பிரசாரத்தைக் குறைத்து, குடிகாரத் தகப்பன் பஸேசர் ராம், அவன் பிள்ளைகள் லல்லு, நன்ஹே, பட்கி, மஜ்லி, சுட்கி என்று கதாபாத்திரங்களைத் தங்கள் இஷ்டத்துக்கு நடமாட விட்டார்கள். அப்புறம்தான் சூடு பிடித்தது. 17 மாதம், 156 எபிசோட், 4 லட்சத்துக்கும் மேல் கடிதங்கள். மேகி நூடுல்ஸை இந்திய வீடுகளுக்குள் கொண்டுவந்து விட்டதும் இதே சீரியல்தான். அவர்கள்தான் ஸ்பான்சர்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று. பகவந்தி என்ற தாய் பாத்திரத்தை, 'பெண் இப்படி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது' என்று காட்டுவதற்காக எழுதினார்கள். பின்னால் ஆய்வு செய்தவர்கள் போய்ப் பார்வையாளர்களைக் கேட்டால், 'பகவந்தி மாதிரி பொறுமையாக இருக்க வேண்டும்' என்று கணிசமான பேர் சொல்லியிருக்கிறார்கள். நையாண்டி எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்குமா?

---

சீன் பேப்பர் எழுதியது:

நானும் இந்தத் தொழிலில் இருப்பவன்தான். தமிழில் தினசரி சீரியல்களுக்கு வசனம். பெயர் வேண்டாம், சேனல் பெயரும் வேண்டாம்.

ஆன்டெனா அண்ணன் சொல்கிற இடைவெளியைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் ரொம்பவும் யோசிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இடைவெளிக்குக் காரணம் தத்துவம் இல்லை, நேரம். எங்கள் பிழைப்பு எப்படி என்று சொல்கிறேன். காலையில் ஆறரைக்கு ஸ்பாட்டில் இருந்து போன் வரும். மாமியாராக நடிக்கிற அம்மாவுக்கு இன்றைக்கு வேறு ஷூட்டிங், வரமாட்டார்கள். உடனே மாமியார் திருப்பதிக்குப் போய்விடுவார். மருமகள் அவரிடம் போனில் பேசுகிற மாதிரி சீனை மாற்றி, எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். மாமியார் திருப்பதியில் இருக்கிறார் என்பதை முந்தின எபிசோடில் சொல்லவில்லையே என்று எடிட்டர் கேட்பார். சரி, அதற்கு ஒரு வரி. இப்படியே ராத்திரி ஆகிவிடும். இதற்கு நடுவில் நாவலாவது ஒன்றாவது.

ஜோஷி காலத்தில் தினசரி தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் 'ஹம் லோக்'கில் அந்தப் பாட்டி பாத்திரம் இருக்கிறதே, சுஷ்மா சேத் நடித்தது, தொண்டைப் புற்றுநோய் வந்து சாகிற பாத்திரம், அதை ஜனங்கள் சாக விடவில்லை. நினைத்ததைவிட நீட்ட வேண்டி வந்தது. அதாவது தபால்காரர் கொண்டுவந்து போடுகிற மூட்டையைப் பார்த்துக் கதை மாறும். இன்றைக்கு எங்களுக்கு வியாழக்கிழமை டிஆர்பி வருகிற மாதிரிதான்.

அதனால் அவர் 84இல் இருந்து பத்து வருடம் நாவல் எழுதவில்லை என்றால் எனக்கு வியப்பே இல்லை. அதற்கப்புறம் எழுதினார் என்பதுதான் வியப்பு.

---

வாசகி எழுதியது:

ஆன்டெனா அவர்களின் கட்சியில் எனக்கு உடன்பாடு இல்லை. காலக்கணக்கே இடிக்கிறது.

டிவியில் சொல்ல முடியாததை எல்லாம் பிறகு நாவலில் கொட்டினார் என்கிறீர்கள். ஆனால் 'கசப்' வெளிவந்தது 1982இல், 'ஹம் லோக்'குக்கு இரண்டு வருடம் முன்பு. அதில் நாயகனும் நாயகியும் முதன்முதலாகச் சந்திக்கிற இடம் எது என்று ஞாபகம் இருக்கிறதா? நைனிதாலில் ஒரு கல்யாண வீடு. விருந்தாளிக் கூட்டத்துக்காகத் தற்காலிகமாக ஒரு கழிப்பறை அடித்திருக்கிறார்கள். உள்ளே நாயகன் டிடி உட்கார்ந்திருக்கிறான். அங்கே வந்து நிற்கிறாள் நாயகி பேபி. பதறி எழுந்து பைஜாமாவைக் கட்டப் போனவன் நாடாவை இழுத்த இழுப்பில் அது அவிழ்க்க முடியாத முடிச்சாக விழுந்துவிடுகிறது. நிலவொளி, ஏரிக்கரை, குடைக்குள் இருவர் என்று காதல் நாவல்களில் எத்தனையோ முதல் சந்திப்புகள் படித்திருப்போம். இவர் தூக்கிக்கொண்டு போய்க் கழிப்பறை வாசலில் நிறுத்துகிறார். அந்த முடிச்சு நாவலில் ஒரு தடவை சிரித்துவிட்டு மறக்கிற சமாசாரமும் இல்லை. டிடி எத்தனை பெரிய ஆளாக ஆனாலும் அந்தப் பையனின் கூச்சம் அவனை விட்டுப் போவதே இல்லை.

இதை எழுதியவருக்கு டிவி வந்து துணிச்சல் கற்றுக்கொடுத்தது என்றால் எப்படி ஒப்புக்கொள்வது? துணிச்சல் முன்பே இருந்தது. பத்து வருடம் அதைப் பூட்டி வைத்திருந்தார். அவ்வளவுதான். பூட்டி வைத்ததால் நமக்கு இரண்டு மூன்று நாவல்கள் நஷ்டம் என்றுகூட நான் சொல்வேன்.

அப்புறம், 'குரு குரு ஸ்வாஹா'வை அவரே பயாஸ்கோப் என்றுதான் அழைத்தார். காட்சியும் வசனமுமாகவே ஓடும் பம்பாய்க் கதை. கதை சொல்கிறவன் மனோகர், ஜோஷி, 'நான்' என்று மூன்று ஆளாகப் பிரிந்து நின்று ஒருவனை ஒருவன் கேலி செய்துகொண்டே இருப்பான். டிவிக்குப் போகும் முன்பே டிவிக்காரராகத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

---

பழைய ஆன்டெனா எழுதியது:

வாசகி சொல்கிற கழிப்பறைக் காட்சியை வைத்தே நானும் பேசுகிறேன்.

'கசப்'பில் அது வெட்கம். வாலிபப் பையனின் வெட்கம், படிக்கிறவருக்கும் செல்லமாக ஒரு சிரிப்பு வரும். இப்போது 'ஹரியா ஹர்குலீஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆகாத, வயதான ஹரியா. அவனுடைய அப்பா, ஒரு காலத்தில் பெரிய அதிகாரி, இப்போது கண் தெரியாமல் படுக்கையில். அவருக்குத் தீராத மலச்சிக்கல். அதைக் கையால் எடுத்துச் சுத்தம் செய்வதுதான் ஹரியாவின் அன்றாட வேலை. டில்லியில் உள்ள குமாவுனி சொந்தபந்தம் மொத்தமும் 'பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று அவனை மெச்சுகிறது. அந்தப் புனிதமான பிதுர் சேவைக்கு நடுவில், அப்பாவின் பூட்டிய டிரங்குப் பெட்டி திறக்கிறது. உள்ளே இருப்பதைப் பார்த்தால் குடும்ப கௌரவம் சந்தி சிரிக்கும்.

'கசப்'பில் இருந்த சிரிப்பு வேறு, இது வேறு. இங்கே சிரித்துவிட்டு நாமே நம்மை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்வோம். தகப்பன், பிள்ளை, தியாகம், பொறுமை என்று குடும்பப் பெருமையை 156 எபிசோடும் அதற்கு மேலும் எழுதி, பகவந்தியை ஜனங்கள் கும்பிட்டதையும் பார்த்த ஒருவர்தான் இதை எழுத முடியும். 82இல் இருந்த ஜோஷியால் கழிப்பறையைக் காட்ட முடிந்தது. ஹரியாவைத் தியாகி ஆக்கி, அந்தத் தியாகத்தையே கிழித்துக் காட்டுவதற்கு அவருக்கு 'ஹம் லோக்' தேவைப்பட்டது. இப்போது கொஞ்சம் ஒத்துவருகிறதா?

---

வாசகி எழுதியது:

பகவந்தியில் இருந்து ஹரியா. இது நல்ல கோடு. பாதி ஒத்துக்கொள்கிறேன். நாவல் நஷ்டக் கணக்கு அப்படியே நிற்கிறது.

---

குட்டிச்சுவர் எழுதியது:

சரி, நானும் உள்ளே வந்துவிட்டேன். இவர்தானே 'யே ஜோ ஹை ஜிந்தகி'யும் எழுதியது? சதீஷ் ஷா வாரம் ஒரு வேஷம் போட்டுக்கொண்டு வருவாரே. அதை மட்டும் எங்கள் வீட்டில் பார்ப்போம். பாஷை புரியாவிட்டாலும் சிரிப்பு வரும்.

---

கரோல்பாக் தமிழன் எழுதியது:

அது சரத் ஜோஷி. அவரும் பெரிய நையாண்டி எழுத்தாளர். அதே 1984, அதே தூர்தர்ஷன், அதே ஜோஷி, அதனால் இந்தக் குழப்பம் வட இந்தியர்களுக்கே உண்டு. சரத் ஜோஷியின் பலம் சின்னக் கட்டுரை, மேடை வாசிப்பு, அரை மணி நேரத்தில் கதையை முடித்துவிடுகிற சுறுசுறுப்பு. மனோகர் ஷ்யாம் நீளமாக இழுத்து அடிக்கிறவர்.

அந்த வித்தியாசம் 'கக்காஜி கஹின்' பார்த்தால் தெரியும். அது முதலில் 'நேதாஜி கஹின்' என்று 'சாப்தாஹிக் ஹிந்துஸ்தான்' பத்தியாக வந்தது. கிழக்கு உத்தரப் பிரதேசத்துப் பேச்சும் உடைந்த இங்கிலீஷும் கலந்து ஒரு தலைவர் அளந்துகொண்டே இருப்பார். கதை என்று ஒன்றும் பெரிதாக இருக்காது, வாய்தான் கதை. அதைப் பாசு சாட்டர்ஜி இயக்க, வெற்றிலையை மென்றுகொண்டே ஓம் புரி பேசினார். அச்சில் நேதாஜியாக இருந்தவர் டிவிக்கு வந்ததும் கக்காஜி ஆகிவிட்டார். தலைவர் சித்தப்பா ஆனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்க டிவியில் அரசியல்வாதியைக் கிண்டல் செய்யும்போது இந்த மாதிரி ஒரு துண்டைப் போர்த்திக்கொள்வது எதற்கென்று டில்லியில் இருந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு சீனியர் அந்தக் கக்காஜி மாதிரியே பேசிக் காட்டுவார். அமைச்சகத்தில் இருந்து யாராவது வந்தால் மட்டும் கப்சிப்.

---

சீன் பேப்பர் எழுதியது:

முங்கேரிலாலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தொழில்காரனாக எனக்கு அதுதான் உச்சம்.

ஒரு சாதாரண குமாஸ்தா. ஆபீஸில் மேலதிகாரி திட்டுகிறார், வீட்டில் மாமனார் மதிப்பதில்லை. ஒவ்வொரு எபிசோடிலும் ஏதோ ஒரு அவமானம் நடக்கும். உடனே முங்கேரிலால் கனவுக்குள் போய்விடுவான். கனவில் இவன்தான் ராஜா, மற்றவர்கள் எல்லோரும் கைகட்டி நிற்பார்கள். அப்புறம் யாராவது ஒரு தட்டுத் தட்டி எழுப்புவார்கள். பிரகாஷ் ஜா இயக்கம்.

மேலே பார்த்தால் ஒரே அச்சு. ஆனால் எழுதிப் பார்த்தவனுக்குத் தெரியும், இது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான அச்சு என்று. கனவில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், எந்த லாஜிக்கும் வேண்டாம், செட் மாற்றலாம், உடை மாற்றலாம். அதே நடிகர்கள் போதும், புது ஆர்ட்டிஸ்டுக்குக் கால்ஷீட் தேட வேண்டாம். தணிக்கைத் தொல்லையும் குறைவு, 'அது கனவுதானே' என்று சொல்லிவிடலாம். அதைவிட முக்கியம், அந்த அவமானக் காட்சியை ரொம்பச் சின்னதாக வைத்திருப்பார். பெரிய அவமானம் என்றால் பரிதாபம் வந்துவிடும், சிரிப்பு போய்விடும். அந்த அளவு தெரிவதுதான் கை. எனக்கு ஒரு தயாரிப்பாளர், 'அவமானம் பத்தலை, இன்னும் அழ விடு' என்று மூன்று தரம் பேப்பரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அழ விட்டேன். நகைச்சுவை டிராக் என்று ஆரம்பித்தது, ஒப்பாரியில் முடிந்தது.

'முங்கேரிலாலின் அழகான கனவுகள்' என்கிற தலைப்பு இன்றைக்கும் இந்திப் பேச்சில் பழமொழி மாதிரி ஓடுகிறது. தேர்தல் சமயத்தில் ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரரைக் குத்துவதற்கு எடுக்கிற முதல் ஆயுதம் அதுதான். சீரியலைப் பார்த்திராத பையன்கள்கூடச் சொல்கிறார்கள். இந்த வகை வெற்றி எந்த நாவலுக்குக் கிடைத்தது என்று வாசகி மேடம் சொல்லட்டும்.

---

வாசகி எழுதியது:

பழமொழி ஆவதுதான் வெற்றி என்றால் சோப்பு விளம்பரம் எழுதுகிறவர்தான் மகாகவி.

கோபம் வேண்டாம், முங்கேரிலால் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதையும் 'குரு குரு ஸ்வாஹா'வையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நாவலிலும் தன்னைப் பெரிய ஆளாகக் கற்பனை செய்துகொள்கிற ஒருவன், அவனை உடனே கீழே இழுத்துப் போடுகிற இன்னொருவன். அங்கே இருவரும் ஒரே ஆளுக்குள் இருக்கிறார்கள். டிவியில் கனவு காண்பவன் முங்கேரிலால், இழுத்துப் போடுவது மாமனார். உள்ளுக்குள் நடந்த சண்டையை இரண்டு நடிகர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அதே மனிதரின் அதே விளையாட்டு என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் பிரித்துக் கொடுக்கும்போது சுலபமாகிவிடுகிறது. தன்னையே கேலி செய்துகொள்வது கஷ்டம், மாமனாரை விட்டுக் கேலி செய்ய வைப்பது சுகம்.

---

பழைய ஆன்டெனா எழுதியது:

இது இந்த இழையிலேயே நல்ல பாயிண்ட்.

இதோடு ஒட்டி ஒன்று. 'ஹம் லோக்'கில் எபிசோட் முடிவில் இந்தி நடிகர் அசோக்குமார் வந்து நிற்பார் அல்லவா? தாத்தா மாதிரி சிரித்துக்கொண்டு, 'ச்சன் பக்கைய்யா' என்று தொடங்கும் ஒரு ஈரடிப் பாட்டுச் சொல்லி, இன்றைக்கு நடந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, அடுத்து என்ன ஆகும் என்று கொக்கி போட்டுவிட்டுப் போவார். அந்த முடிவுரை யோசனை சபீதோவிடம் இருந்து வந்தது, மெக்சிகோ சீரியல்களிலும் அப்படி ஒருவர் வந்து பேசுவார். ஆனால் 'கசப்' படித்தவர்களுக்கு அது எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும். அந்த நாவலிலும் கதை சொல்கிறவர் ஒரு சமஸ்கிருதப் பண்டிதர். காதலர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து வியாக்கியானம் செய்வார், நம்மைக் கூப்பிட்டுப் பேசுவார். கதையை நிறுத்தி வாசகனிடம் பேசுகிற பழக்கம் ஜோஷிக்கு ஏற்கெனவே இருந்தது. மெக்சிகோ பார்முலா அவருக்குத் தைத்து வைத்த சட்டையாகப் பொருந்திவிட்டது.

வித்தியாசம் என்னவென்றால், நாவல் பண்டிதர் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று நமக்கே சந்தேகம் வரும். அசோக்குமாரை எல்லோரும் நம்பினார்கள். அத்தனை கடிதங்கள் வந்ததற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

---

சீன் பேப்பர் எழுதியது:

நம்பாத கதைசொல்லியை டிவியில் வைத்தால் ஸ்பான்சர் ஓடிவிடுவார். நூடுல்ஸ் விற்க வேண்டுமே.

---

கரோல்பாக் தமிழன் எழுதியது:

இலக்கிய உலகம் அவரை எப்படி நடத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். டில்லியில் இந்திப் பேராசிரியர்கள் சிலரோடு பழக்கம் உண்டு. 90களில் ஜோஷி பெயரை எடுத்தால், 'ஆமாம், சீரியல் எழுதுகிறவர்' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அதே ஆட்கள் வீட்டில் 'புனியாத்' ஓடும்போது போனை எடுக்க மாட்டார்கள். அதன் நாயகன் ஹவேலிராமும் மனைவி லாஜோஜியும் லாகூரை விட்டு வருகிற பகுதியில் பஞ்சாபிக் குடும்பங்கள் அழுததை நான் பக்கத்து வீட்டிலேயே பார்த்தேன். அது அவர்களுடைய சொந்தக் கதை.

சாகித்ய அகாதெமி 2005ஆம் ஆண்டுக்கான விருதை 'க்யாப்' நாவலுக்குக் கொடுத்தது. நாவல் வந்தது 2001இல். 2006 மார்ச்சில் மனிதர் போய்விட்டார். முதல் இரண்டு நாவல்களுக்கே கொடுத்திருக்க வேண்டிய விருது என்பது என் அபிப்பிராயம். டிவிப் புகழ் வந்ததால் தள்ளிப்போனது என்று நிரூபிக்க முடியாது, ஆனால் அந்த உதட்டுப் பிதுக்கலை நான் நேரில் பார்த்தவன்.

---

வாசகி எழுதியது:

'க்யாப்' பற்றி ஒரு வார்த்தை. மலைப்பிரதேசத்தில் ஒரு தலித் இளைஞன், புரட்சியில் நம்பிக்கை உள்ளவன், மேல்சாதிப் பெண்ணிடம் காதல். காதலும் புரட்சியும் இரண்டுமே எப்படிக் கோமாளித்தனமாக முடிகின்றன என்று அவனே சொல்கிற கதை. கேட்டால் அழுகைக் கதை மாதிரி இருக்கும். படித்தால் பாதி இடங்களில் சிரிக்கிறோம், அப்புறம் சிரித்தது சரிதானா என்று சங்கடப்படுகிறோம். இடதுசாரிகளுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு அவர் நாவல்களில் குறை ஒன்று உண்டு. பெண்கள். 'கசப்'பின் பேபி முதல் பாதியில் எவ்வளவு உயிரோடு இருக்கிறாள், பிற்பாதியில் மைத்ரேயியாக மாறியதும் சிலை ஆகிவிடுகிறாள். விந்தை என்னவென்றால் டிவியில் அவருடைய பெண்கள் சிலையாக நிற்பதில்லை. பட்கியும் மஜ்லியும் தப்புச் செய்வார்கள், எரிச்சல்படுவார்கள், ஏமாறுவார்கள். 'ஹம்ராஹி'யில் ஹிமானி சிவ்புரி செய்த தேவகி பௌஜாயியை மறக்க முடியுமா? வாயாடி, வம்பு, ஆனால் ஒவ்வொரு சீனிலும் அவள்தான் ஜெயிப்பாள். இதற்கு என்ன காரணம், நடிகைகளா?

---

சீன் பேப்பர் எழுதியது:

நடிகைகள்தான். ஒரு நல்ல நடிகை கையில் பேப்பர் போனால், அடுத்த வாரம் எழுதும்போது அவர் குரல்தான் காதில் கேட்கும். பாத்திரத்தை நான் எழுதுகிறேனா அவர் எழுதுகிறாரா என்று தெரியாது. நாவலில் அந்த உதவி கிடையாது, தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. திரைக்கதை எழுதுவது எப்படி என்று இந்தியில் அவர் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார், 'பட்கதா லேகன்: ஏக் பரிச்சய்'. தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்கிற ஆட்கள் நடுவில், காட்சியை எப்படிப் பிரிப்பது, வசனத்தை எங்கே நிறுத்துவது என்று பாடமாக எழுதிக் கொடுத்துவிட்டார். தமிழில் சீரியல் எழுத வருகிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் இது மாதிரி ஒரு புத்தகம் கையில் கொடுக்க வேண்டும். என்னிடம் வரும் உதவியாளர்களுக்கு நான் கற்றுக்கொடுப்பது எல்லாம் மாமியாரைத் திருப்பதிக்கு அனுப்புகிற வித்தைதான்.

---

குட்டிச்சுவர் எழுதியது:

இத்தனை பேசிவிட்டீர்கள். எனக்கு இந்தி எழுத்துக்கூட்டித்தான் வரும். எங்கே ஆரம்பிப்பது?

---

வாசகி எழுதியது:

'டா-டா ப்ரொஃபெசர்'. சின்ன நாவல், ஐரா பாண்டே இங்கிலீஷில் மொழிபெயர்த்திருக்கிறார். மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடம், அங்கே வாத்தியாராகப் போகிற இளைஞன், அகராதி பைத்தியம் பிடித்த ஒரு மூத்த ஆசிரியர். முதல் ஐம்பது பக்கம் பள்ளிக்கூட வேடிக்கை என்று நினைத்துப் படிப்பீர்கள். அதற்கப்புறம் என்ன ஆகிறது என்று நான் சொல்ல மாட்டேன். அது முடிந்ததும் 'கசப்'.

---

சீன் பேப்பர் எழுதியது:

நான் மறுக்கிறேன். முதலில் முங்கேரிலால் நாலு எபிசோட் பாருங்கள். பாஷை அரைகுறையாக இருந்தாலும் போதும், ரகுபீர் யாதவ் முகம் மீதியைச் சொல்லிவிடும். சிரிப்பு எங்கே வருகிறது, எந்த நொடியில் கனவு கலைகிறது என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம் புத்தகத்தை எடுத்தால் அந்த மனிதரின் தாளம் காதில் இருக்கும்.

---

வாசகி எழுதியது:

மாமனாரில் ஆரம்பிக்கச் சொல்கிறீர்கள். உங்கள் தொழில் புத்தி போகாது.